முதலை வாய் எந்தப் பக்கம்

பாப்பா,

நீ ஜொகூர் போய்ச் சேர்ந்த செய்தியை அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். கட்டில், சன்னல், மாடிப்படி, கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடை என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்கிறாய். எனக்கென்று தனியாக நீ ஒன்றும் அனுப்பவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் எதை அனுப்பினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்த ஒரு படத்தையே பதிலாகப் போடுகிறவனுக்கு யார்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள். இன்று சனிக்கிழமை, ஆலையில் அரை நாள் வேலை. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டேன். இது உன் பழைய பயிற்சி நோட்டு. முன்பாதியில் உன் கணக்குகள் இருக்கின்றன. மிச்சப் பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன, அவற்றில்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணி பேருந்து நிலையத்தில் நாம் பேசியது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அங்க போயாவது பார்ட் டைமா எதாச்சும் படிக்கப் பாரு பாப்பா" என்றேன். நீ சிரித்தாய். "சும்மா இருங்கப்பா. எனக்கு மேத்ஸ் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வாட்டி பார்த்தாச்சிலா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நீ அதை உன் ரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னாய். அந்த நேரத்தில் பேருந்து வந்தது, ஓட்டுநர் பெட்டியைப் பிடுங்கி உள்ளே தள்ளினார், நீ ஏறிப் போய்விட்டாய். மூன்று மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அங்கேயும் நான் சொல்லவில்லை.

சுற்றி வளைத்துச் சொன்னால் பாதி வழியில் நானே ஓடிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உனக்குக் கணக்கு வராது என்பது பொய். நான் உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். நீ அந்தக் கல்லூரித் தேர்வில் இரண்டு தடவையும் கணக்கில் விழுந்ததற்கு நான்தான் காரணம்.

உன் தலையில் கணக்கு இருந்தது எனக்கு அப்போதே தெரியும். உனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் உன்னை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரங்கானைச் சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து எண்ணெய் எடுக்க வரும் செம்பனைக் குலை லாரிகளை நிறுத்துச் சீட்டு எழுதும் கிராணி உன் அப்பா. 'திம்பாங் கிராணி' என்று கூப்பிடும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. அன்றைக்குக் கணினி வேலை செய்யவில்லை, கையால் எழுதிக்கொண்டிருந்தேன். பாரத்தோடு பதினெட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ, காலி லாரி ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது. கழித்துப் பத்தாயிரத்து எண்ணூற்று எழுபது என்று எழுதினேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நீ, "அப்பா, எண்ணூறு இல்ல, எழுநூறு" என்றாய். மலாய்க்கார ஓட்டுநர் கேட்டுவிட்டுச் சிரித்தார். உன்னைக் கெட்டிக்காரி என்றுதான் சொன்னார், பாவம். எனக்குக் காது சூடாகிவிட்டது. "பெரியவங்க வேலைல வாயைத் தொறக்காத. வெளிய போ" என்றேன். நீ வெளியே போய், வெயிலில் அந்தச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாய். நீ போனதும் நான் கூட்டிப் பார்த்தேன், எழுநூறுதான். சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தபடி, "திருத்திட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "தப்பே இல்ல, நீதான் சரியா பார்க்கல" என்றேன். அதற்குப் பிறகு என் கணக்கில் நீ கை வைத்ததே இல்லை. அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து, கணக்கில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தாய். மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்களே, அந்த வேலைக்குப் படிக்க வேண்டும் என்றாய். பினாங்கில் ஒரு தனியார் கல்லூரி இருந்தது. அவர்கள் வைக்கும் நுழைவுத் தேர்வில் குறித்த மதிப்பெண் எடுத்துவிட்டால் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பகுதி. எல்லாம் ஆங்கிலத்தில். நீயோ ஆறாம் வகுப்பு வரைக்கும் கணக்கைத் தமிழில் படித்தவள், அப்புறம் ஐந்து வருடம் மலாயில். வாசிப்பைப் பற்றித்தான் பயந்தாய். "கணக்கை அப்பா பார்த்துக்கிறேன்" என்றேன். மூன்றாம் படிவம் வரைக்கும் படித்தவன் சொன்ன வீரவசனம் அது.

அலோர் ஸ்டாரில் பழைய புத்தகக் கடையில் அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோது கடைசியில் இருந்த விடைப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தது தெரிந்தது. நீ முகம் சுளித்தாய். "நல்லதாப் போச்சி, பார்த்து எழுத மாட்ட" என்றேன். விடை சொல்ல நான் இருக்கிறேன் என்ற நினைப்பு. எண்களாக வந்த கணக்கையெல்லாம் நீ பாட்டுக்குப் போட்டுக்கொண்டு போனாய். சொற்களாக வந்த கணக்கில்தான் நின்றாய். அட் லீஸ்ட், அட் மோஸ்ட், நோ மோர் தேன், லெஸ் தேன் என்று வருகிறதே, அதில் எதற்கு எந்தக் குறி என்று உனக்குக் குழம்பியது. தமிழ்ப்பள்ளியில் அந்தக் குறிக்கு 'முதலை வாய்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலை எப்போதும் பெரியதைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். நம் வீட்டிலும் அதே பேச்சுதான். "இதுக்கு வாய் எந்தப் பக்கம்பா?" என்று நீ சமையலறை மேசையிலிருந்து கத்துவாய்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, பச்சை மார்க்கரால் கட்டம் கிழித்தேன். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல். அதைக் கைப்பேசியில் போட்டால் மலாய்ச் சொல் வரும், அது இரண்டாவது கட்டத்தில். அந்த மலாய்ச் சொல்லுக்குள் 'கூராங்' என்று இருந்தால் சிறியது, 'லெபே' என்று இருந்தால் பெரியது. அதன்படி மூன்றாவது கட்டத்தில் முதலை வாய். எவ்வளவு சுலபம் பார் என்று உன் அம்மாவையே கூப்பிட்டுக் காட்டினேன். 'அட் லீஸ்ட்' என்று போட்டால் கைப்பேசி 'செகூராங்-கூராங்ஞா' என்றது. ஒன்றுக்கு இரண்டு கூராங். சந்தேகமே இல்லை, சிறியது என்று வாயை எண்ணின் பக்கம் திறந்து வைத்தேன். 'நோ மோர் தேன்' என்றால் 'தீடாக் லெபே'. லெபே இருக்கிறது, பெரியது. பதினாறு சொல்லை அப்படி எழுதி, அந்தத் தாள் அட்டையை உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டினேன். தமிழில் பார்த்திருந்தாலும் இதே குழியில்தான் விழுந்திருப்பேன். 'குறைந்தது' என்கிற சொல்லிலும் குறைவுதானே முன்னால் நிற்கிறது.

நீ ஒரு தடவை கேட்டாய். உடுப்பு எடுக்க அலமாரியைத் திறந்தவள், அப்படியே நின்று, "அப்பா, அட் லீஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்தானா?" என்றாய். "கூராங்னு இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கு." "அப்புறம் என்னா?" நீ மறுபடி அட்டையைப் பார்த்தாய். "கரங்கான்ல எங்க சார் இருக்காருலா, ஒரு வாட்டி போய்க் கேட்டுட்டு வரவா?" என்றாய். உன் இடைநிலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியர், பத்து நிமிடத் தூரத்தில் இருந்த நல்ல மனிதர். போயிருந்தால் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். "ஏன், அப்பா செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன். நீ அலமாரியை மூடினாய். ஒரு பிள்ளை வேறொருவரிடம் போய்க் கேட்பதை அவமானம் என்று நினைத்தேனே, அந்த அகம்பாவத்துக்கு எந்தச் சாக்கும் இல்லை. நீ எப்போதாவது யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுக்கும்படி ஆனால், அவர்கள் இன்னொருவரிடம் போய்க் கேட்கட்டும் என்று விட்டுவிடு. உன் அப்பனிடமிருந்து இந்த ஒன்றையாவது தலைகீழாகக் கற்றுக்கொள்.

முதல் தடவை கணக்கில் சில மதிப்பெண்ணில் போயிற்று. வாசிப்பில் தேறியிருந்தாய். பயந்ததில் தேறினாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதில் விழுந்தாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அட்டையை நீ சரியாக மனப்பாடம் செய்யவில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த தேர்வுக்கு ஒரு வருடம் இருந்தது. காலையில் மங்கு கழுவும்போது, கோயிலுக்குப் போகும் வழியில், துணி காயப்போடும்போது, எங்கே பார்த்தாலும் "அட் லீஸ்ட்?" என்பேன். "கூராங், சின்னது" என்று நீ சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது என்று வேறு சொன்னேன். யோசித்தால் நேரம் போய்விடுமாம். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட மதிப்பெண் இறங்கியது. அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். அன்றைக்கு நீ அழவில்லை. "எனக்கு வராதுப்பா, விட்டுருங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சரி, எல்லாருக்குமா வந்துரும்" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு.

பிறகு ஆறு வருடம் சுங்கைப் பட்டாணியில் அந்தத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாய். உன் வரிசையில் யாராவது கணக்கு கேட்டால் இன்னொருத்தியைக் கை காட்டுவாயாம், உன் தோழி ஒருமுறை விளையாட்டாகச் சொன்னாள். பாசார் கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் நீ எண்ணிப் பார்ப்பதில்லை, அம்மாவிடம் நீட்டிவிடுவாய். பத்து வயதில் என் கழித்தலைப் பிடித்தவள் நீ.

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் எடை மேடைக்குப் புதிய கணினி வைத்தார்கள். சின்னத் தோட்டக்காரர்களின் லாரி ஐந்து டன்னாவது ஏற்றி வந்தால்தான் உள்ளே விட வேண்டும் என்று புது விதி. அலோர் ஸ்டாரிலிருந்து வந்த கணினிக்காரத் தம்பி, நம் ஆள்தான், திரையில் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். 'செகூராங்-கூராங்ஞா 5 டன்' என்று எழுதி, பக்கத்தில் முதலை வாயைப் போட்டார். நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, வாய் தப்பா இருக்கு. கூராங்தானே, அந்தப் பக்கம் வரணும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "என்னா அங்கிள், குறைஞ்சது அஞ்சுன்னா அஞ்சு, இல்ல அஞ்சுக்கு மேல. நாலு டன் வந்தா உள்ள விடுவீங்களா?" "விட மாட்டேன்." "ஆறு டன் வந்தா?" "விடுவேன்." "அப்புறம் என்னா லா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

இருபத்தாறு வருடமாக அந்த மேடையில் நிற்கிறேன் பாப்பா. குறைந்தது என்றால் என்ன என்று எனக்கு லாரியைப் பார்த்தால் தெரியும். தாளில்தான் தெரியவில்லை. ஒரு லாரியை அந்த அட்டைக்குள் நிறுத்திப் பார்த்திருந்தால் போதும். இதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: யார் குறி போட்டுக் கொடுத்தாலும் ஒரு எண்ணை வைத்துப் பார். நான் போட்டுக் கொடுத்தாலும் பார். நான் போட்டுக் கொடுத்தால் இரண்டு எண் வைத்துப் பார்.

'குறைந்தது' என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் வாழ்ந்த விதமே அப்படித்தானோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அப்பா, "குறைஞ்சது மூணாம் படிவம் முடிச்சிரு" என்றார். முடித்தேன், அதோடு நின்றேன். நானும் உன்னிடம் குறைஞ்சது ஒரு சர்டிபிகேட், குறைஞ்சது ஒரு நிரந்தர வேலை என்றே சொல்லி வந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துகொள்ளச் சொன்னேன். அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவும் பார்க்கவில்லை.

பினாங்குக் கல்லூரிக்கு இரண்டு முறை போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அந்த உதவித் திட்டத்தையே மூடிவிட்டார்களாம். திறந்திருந்தாலும் உன் வயதுக்குக் கொடுக்க மாட்டார்களாம். அப்பன் தப்பாகச் சொல்லிக் கொடுத்தான் என்று முறையீடு செய்ய ஒரு விண்ணப்பத் தாளும் கிடையாது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, "இது பாவமில்லையே, தெரியாமல் செய்த தவறுதானே" என்றார். பாவமென்றால் ஜெபம் சொல்லித் தீர்க்கலாம். தவறுக்கு அதுவும் இல்லை என்று வெளியே வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "சொல்றதுன்னா அவகிட்ட சொல்லுங்க, இல்லாட்டிச் சாதாரணமா இருங்க. இப்படி மூஞ்ச வச்சிக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள். நீ சிங்கப்பூர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தள்ளிப் போட்டேன். இப்போதும் ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கு அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஏழு வருடம் திரும்பி வராது, வெள்ளைக் கோட்டும் வராது. உனக்குக் கணக்கு வராது என்று நீ நம்புகிறாயே, அந்த ஒன்றையாவது உன்னிடமிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னை ஏற்றிவிட்டு வந்ததும் உன் அலமாரியைத் திறந்தேன். காலியாகிவிட்டது, கம்பிக் கொக்கிகள் மட்டும் தொங்கின. அட்டை அப்படியே இருந்தது. அதைக் கிழித்து எறிந்துவிட வேண்டும் என்று ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்தேன். சன்னல் பக்கம் கொண்டு போனபோதுதான் பார்த்தேன். 'அட் லீஸ்ட்' என்ற வரியின் ஓரத்தில் பென்சிலில் போட்டு அழித்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. சின்ன முதலை வாய், என்னுடையதற்கு எதிர்ப் பக்கம் திறந்தது. அழுத்தி அழித்திருக்கிறாய், தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருக்கிறது. 'நோ மோர் தேன்' வரியிலும் அப்படியே. பதினாறு வரியையும் பார்த்தேன். நான் தப்பாகப் போட்ட ஐந்து வரியில் மட்டும்தான் அந்தத் தடம் இருக்கிறது. சரியாகப் போட்டவற்றை நீ தொடவே இல்லை.

ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாய், சரியானதைப் போட்டிருக்கிறாய், அப்புறம் நான் பார்த்துவிடக் கூடாதென்று அழித்திருக்கிறாய். இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வந்ததை நீ பதினெட்டு வயதிலேயே எழுதி வைத்திருந்தாய். வெயிலில் அந்தச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்த உன் முதுகு எனக்குக் கண்ணில் வந்து நின்றது. நான் உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுததை அம்மாவிடம் சொல்லாதே, அவளுக்குத் தெரியாது.

தேர்வு எழுதிய அன்று வாயை எந்தப் பக்கம் திறந்து வைத்தாய், பாப்பா? உன்னுடையதையா, என்னுடையதையா? கேட்டுவிட்டேன், ஆனால் பதில் வேண்டாம். இரண்டாவது தடவை மதிப்பெண் இறங்கியதே, அதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

மற்றதை எழுது. சாப்பாடு எப்படி, கூட இருக்கும் பிள்ளைகள் எப்படி, என்மேல் எவ்வளவு கோபம். குறைந்தது ஒரு வரி எழுது. பென்சிலில் வேண்டாம், பேனாவால் எழுது.

அப்பா